பழைய ஹார்ட்வேருக்கு சப்போர்ட்டை எப்ப நிறுத்தலாம்? லினக்ஸ் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஆகஸ்ட்ல டெபியன்ங்கற லினக்ஸ் டிஸ்ட்ரோவோட 13வது வெர்ஷன் 32-பிட் சிப்களை விட்டுட்டு வந்ததுல இருந்து, பழைய 32-பிட் கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவங்ககிட்ட இருந்து ஒரே மாதிரி கேள்வியா வருது. "விண்டோஸ்தான் கைவிடும், லினக்ஸ் கைவிடாதுனு சொல்லித்தானே மாத்தி விட்டீங்க"ன்னு கேக்குறாங்க, அந்த வருத்தம் நியாயமானதுதான். அதனால கெர்னல் (ஹார்ட்வேரோட நேரா பேசுற மையப் பகுதி), டிஸ்ட்ரோ (கெர்னலோட மத்த ப்ரோக்ராம்களையும் சேத்துக் குடுக்குற தொகுப்பு), லைப்ரரி (மத்த ப்ரோக்ராம்கள் கடன் வாங்குற கோடு) எல்லாத்துலயும் இந்த முடிவு எப்படி எடுக்குறாங்க, எப்படி எடுக்கணும்னு ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். என் கருத்தை முன்னாடியே சொல்லிடுறேன்: வயசைப் பாத்து எந்த ஹார்ட்வேரையும் தூக்கக் கூடாது, அதை கையில வச்சு டெஸ்ட் பண்ணி பொறுப்பு எடுத்துக்க ஆள் இருக்கா இல்லையாங்கறதுதான் கேள்வி. ஆனா ஆள் இல்லனு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி எல்லார் காதுலயும் விழற மாதிரி கேட்டிருக்கணும், பதில் வர நேரமும் குடுத்திருக்கணும்.

சப்போர்ட் நிறுத்திட்டாங்கனா என் கம்ப்யூட்டர் ஓடாதா?

ஓடும். நேத்து எப்படி ஓடுச்சோ அப்படியே ஓடும், புது வெர்ஷன்தான் வராது. டெபியனை எடுத்துக்கிட்டா, 13ல ஐ386க்கு, அதாவது 32-பிட் இன்டெல் வகை சிப்களுக்கு, கெர்னலும் இல்ல இன்ஸ்டாலரும் இல்ல, பேக்கேஜ்கள் மட்டும் இருக்கு, அதுவும் 64-பிட் மெஷின்ல பழைய 32-பிட் ப்ரோக்ராம்களை ஓட்டுறதுக்காகத்தான். 32-பிட்ல ஓடிட்டிருக்கிறவங்க 13க்கு அப்கிரேட் பண்ணவே வேண்டாம், முடிஞ்சா 64-பிட்டா மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க, முடியலனா அந்த மெஷினுக்கு ஓய்வு குடுங்கனு ரிலீஸ் நோட்ஸ்லயே எழுதிட்டாங்க.

நடைமுறைல முதல்ல அடி வாங்குறது ப்ரவுசர்தான். ஃபயர்ஃபாக்ஸ் 145ல இருந்து 32-பிட் லினக்ஸுக்கு வர்றது இல்ல, நீண்ட நாள் செக்யூரிட்டி திருத்தம் வர்ற ஈஎஸ்ஆர் 140 மட்டும் குறைஞ்சது 2026 செப்டம்பர் வரைக்கும்னு ஃபயர்ஃபாக்ஸ் பண்ற மொசில்லா சொல்லிருக்கு. ப்ரவுசர் பழசாச்சுனா பேங்க் சைட், அரசு சைட் எல்லாம் ஒண்ணொண்ணா மக்கர் பண்ண ஆரம்பிக்கும், செக்யூரிட்டி ஓட்டைகளும் அடைக்கப்படாம அப்படியே கிடக்கும்.

கோடு ஏற்கனவே எழுதியாச்சு, வேலையும் செய்யுது, சும்மா விட்டு வச்சா என்ன குறைஞ்சிடும்?

எல்லாரும் கேக்குற கேள்வி இதுதான், நானும் ரொம்ப நாள் இப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். இதுக்கு இன்டெல் 386 கதையை விட நல்ல பதில் கிடையாது, கொஞ்சம் உள்ள போய் பாப்போம்.

லினக்ஸ் பிறந்ததே 386லதான், 1991ல லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த சிப்புக்காகத்தான் எழுத ஆரம்பிச்சார். அந்த சிப்ல ஒரு குறை உண்டு. ஒரு மெமரி பேஜை (மெமரில ஒரு துண்டு) "படிக்க மட்டும்"னு குறிச்சு வச்சாலும், கெர்னலே அதுல எழுதப் போனா சிப் தடுக்காது. இதுல என்ன பிரச்சினைனா, லினக்ஸ்ல ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிட்டிருக்கிற ப்ரோக்ராம், ரெண்டாப் பிரியும்போது மெமரியை உடனே காப்பி எடுக்க மாட்டாங்க, ரெண்டும் ஒரே பேஜை பகிர்ந்துக்கும், யாராவது எழுத வரும்போது சிப் தடுத்து சத்தம் போடும், அப்பத்தான் தனி காப்பி போடுவாங்க. தடுக்க வேண்டிய சிப்பே தடுக்கலனா ஒருத்தர் டேட்டா மேல இன்னொருத்தர் டேட்டா விழுந்துடும். அதனால 386ல ஓடணும்னா, யூசர் மெமரில எழுதுற ஒவ்வொரு தடவையும் கெர்னல் தானே முன்னாடி போய் செக் பண்ணிட்டு வரணும். இந்தக் குறையை 486லதான் சரி பண்ணாங்க. அதோட, பல ப்ராசஸர் ஒரே நேரத்துல ஒரு எண்ணை பத்திரமா மாத்தறதுக்கு இன்னைக்கு எல்லா இடத்துலயும் பயன்படுத்துற இன்ஸ்ட்ரக்‌ஷனும் 386ல கிடையாது, அதுக்கும் மாற்று வழி எழுதி வச்சிருக்கணும்.

இப்ப பாருங்க, இந்த கோடெல்லாம் ஒரு மூலையில பூட்டி வச்ச ரூம் இல்ல, வீடு முழுக்க ஓடுற ஒயரிங் மாதிரி. லாக்கிங்ல கை வைக்கிறவர், மெமரில கை வைக்கிறவர், ஒவ்வொருத்தரும் "386ல இது உடையுமா"னு யோசிக்கணும், ஆனா யார்கிட்டயும் டெஸ்ட் பண்ண 386 கிடையாது. வருஷக்கணக்கா இது கூடுதல் வேலை வச்சுதுனு சொல்லித்தான் கெர்னல் டெவலப்பர் இங்கோ மோல்னார் 2012 டிசம்பர்ல அதை நீக்குற பேட்ச் (கோடு மாற்றம்) தொகுப்பை அனுப்பினார், தனக்கு அதுல சென்டிமென்ட் எதுவும் இல்லனு சொல்லிட்டு லினஸும் ஏத்துக்கிட்டார். 2013ல வந்த 3.8 கெர்னல்ல இருந்து 386 கிடையாது. தான் ஆரம்பிச்ச சிப்பையே ஒருத்தர் இப்படி விட முடிஞ்சுதுனா அது நல்ல முன்னுதாரணம்னுதான் நான் நினைக்கிறேன்.

486க்கும் இதே நிலைதான். 2022ல லினஸே பேச்சை எடுத்தார், 2025 ஏப்ரல்ல இங்கோ பேட்ச் போட்டார், அதுல 14 ஆயிரம் வரிக்கு மேல நீங்குது. அதுல பெரும்பகுதி, தசம கணக்குப் போடுற யூனிட் இல்லாத 486எஸ்எக்ஸ் மாதிரி சிப்களுக்காக சாஃப்ட்வேர்லயே தசம கணக்கைப் போட்டுக் குடுக்குற கோடு.

அப்போ எத்தனை வருஷம் ஆனா பழசுனு ஒரு கணக்கு வச்சுக்கலாமே? 10 வருஷம், 15 வருஷம்னு?

வேண்டாம். வருஷக் கணக்கு பாக்க நேர்மையா தெரியும், ஆனா ஏமாத்தும்.

ரெட் ஹேட் என்டர்ப்ரைஸ் லினக்ஸ் 10, 2025 மே மாசம் வந்துச்சு, எக்ஸ்86-64-வி3ங்கற லெவல்ல இருக்குற சிப் வேணும்னு அதுல கேக்குறாங்க. சுருக்கமா சொன்னா, ஒரே அடில பல எண்ணைக் கணக்குப் போடுற ஏவிஎக்ஸ்2ங்கற இன்ஸ்ட்ரக்‌ஷன் தொகுப்பு சிப்ல இருக்கணும். இன்டெல்ல ஏவிஎக்ஸ்2 வந்தது 2013ல ஹாஸ்வெல் சிப்ல. "அப்போ 12 வருஷம் பழைய சிப்பைத்தானே விடுறாங்க, தப்பில்ல"னு தோணும். ஆனா இன்டெல், விலை குறைஞ்ச பென்டியம், செலரான் சிப்கள்ல அதுக்கப்புறமும் பல வருஷம் ஏவிஎக்ஸ்2 குடுக்கவே இல்ல. 2017 கடைசில வந்த செலரான் என்4000ல கிடையாது, 2019ல வந்த என்4020லயும் கிடையாது. அப்போ 2013ல கோர் ஐ7 வாங்கினவர் உள்ள, 2020ல பட்ஜெட் லேப்டாப் வாங்கின காலேஜ் பொண்ணு வெளிய. வருஷக் கணக்குனு பேசுறோம், ஆனா எல்லைக்கோடு விழறது பணம் இருக்கிறவனுக்கும் இல்லாதவனுக்கும் நடுவுல.

உங்க மெஷின்ல இருக்கானு பாக்கணும்னா டெர்மினல்ல சிபியூ விவரம் காட்டுற lscpu கமாண்டை ஓட்டுங்க, ஃப்ளாக்ஸ்னு ஒரு நீளமான வரி வரும், சின்னச் சின்ன வார்த்தையா கொட்டிக் கிடக்கும், அதுல ஏவிஎக்ஸ்2 (avx2) தேடுங்க. அதே வரில எல், எம்னு (lm) ரெண்டே எழுத்துல ஒரு வார்த்தை இருந்தா உங்க சிப் 64-பிட். 32-பிட் லினக்ஸ் ஓடிட்டிருக்குற நிறைய மெஷின்ல அந்த ரெண்டு எழுத்து இருக்கும், ஆரம்பத்துல யாரோ 32-பிட் சிடி போட்டு விட்டது அப்படியே தொடர்ந்திருக்கும், அவ்வளவுதான் விஷயம். தமிழ்நாடு அரசு 2011ல குடுக்க ஆரம்பிச்ச இலவச லேப்டாப் இன்னும் வீட்டுல ஓடிட்டிருந்தா அதையும் இப்படிப் பாத்துடுங்க, 2013க்கு முன்னாடி வந்த மெஷின்னா ஏவிஎக்ஸ்2 இருக்கவே முடியாது.

சர்வருக்கான லினக்ஸ் விக்கிற கம்பெனி வி3 கேக்குறதுல எனக்கு பெரிய சண்டை இல்ல, அவங்க கஸ்டமர் வேற. அங்கயும் ரெட் ஹேட்டோட ஒத்துப் போற இலவச டிஸ்ட்ரோவான அல்மாலினக்ஸ் 10ல ஒரு நல்ல வேலை பண்ணாங்க, ஒரு படி கீழ இருக்குற வி2 சிப்களுக்கு தனியா ஒரு பில்ட் போட்டு வெளியிட்டாங்க. ஆனா வீட்டு உபயோக டிஸ்ட்ரோக்கள் ரெட் ஹேட்டைப் பாத்து சூடு போட்டுக்கக் கூடாது.

எத்தனை பேர் யூஸ் பண்றாங்கனு பாத்து முடிவு பண்ணலாமே?

எப்படிப் பாப்பீங்க? டெபியன்ல பாப்கான்னு ஒண்ணு இருக்கு, எந்தப் பேக்கேஜ் எத்தனை பேர்கிட்ட இருக்குனு எண்ணும், ஆனா நாமளா சம்மதிச்சாதான் எண்ணும். டவுன்லோட் எண்ணிக்கைனா மிரர்ல (வேற சர்வர்ல இருக்குற நகல்) இருந்து எடுக்குறவங்க, பென்டிரைவ்ல காப்பி பண்ணிக் குடுக்குறவங்க எல்லாம் அதுல வரமாட்டாங்க. இன்டர்நெட்டே இல்லாத ஸ்கூல் லேப், ஒர்க்‌ஷாப்ல மெஷினை ஓட்டுற பெட்டி, இதெல்லாம் எந்தக் கணக்குலயும் கிடையாது. மெயிலிங் லிஸ்ட்ல இங்கிலீஷ்ல எழுதி "நான் இருக்கேன்"னு சொல்றவங்க ஒரு வகை ஆளுங்க, பழைய மெஷினை வேற வழியில்லாம வச்சிருக்கிறவங்க பெரும்பாலும் அந்த வகை இல்ல. யாரும் சத்தம் போடலங்கறதால யாரும் இல்லனு அர்த்தம் ஆகாது.

அதுக்காக எண்ணிக்கை அதிகமா இருக்குறதால மட்டும் சப்போர்ட் நிலைச்சிடாதுங்கறதும் உண்மைதான். லட்சம் பேர் யூஸ் பண்ணாலும் ஒருத்தரும் பக் ரிப்போர்ட் போடல, ஒருத்தரும் டெஸ்ட் பண்ணலனா அந்த சப்போர்ட் பேப்பர்லதான் இருக்கும். உடைஞ்ச சப்போர்ட்டை "இருக்கு"னு சொல்லி வைக்கிறது யூசருக்கு பண்ற துரோகம், அவர் நம்பி அப்கிரேட் பண்ணுவார், மெஷின் பூட் ஆகாம நிக்கும்.

அப்போ ஆள் இருந்தா எவ்வளவு பழசா இருந்தாலும் ஓடுமா?

ஓடும், கண்ணு முன்னாடி சாட்சி இருக்கு. மோட்டோரோலா 68000 குடும்பம், அமிகா, அட்டாரி எல்லாம் ஓடின சிப், 386ஐ விட வயசான பரம்பரை. அது இன்னும் லினக்ஸ் கெர்னல்ல இருக்கு, ஏன்னா அதைப் பாத்துக்க ஆள் இருக்காங்க. அதே நேரம் 2018ல 4.17 கெர்னல்ல ஒரே வீச்சுல 8 ஆர்க்கிடெக்சரை (சிப் குடும்பத்தை) தூக்கினாங்க, பிளாக்ஃபின், டைல், மெட்டாக் எல்லாம் அதுல போச்சு. அதெல்லாம் 68000ஐ விட ரொம்பப் புதுசு, ஆனா பண்ணின கம்பெனி ஒதுங்கிடுச்சு, வேற யாரும் எடுத்துக்கல.

ஃப்ளாப்பி டிரைவரும் இப்படித்தான். 2019ல மெயின்டெய்னர்கிட்டயே (அந்த கோடுக்குப் பொறுப்பாளர்) வேலை செய்யுற ஃப்ளாப்பி ஹார்ட்வேர் இல்லனு ஆனதும் அநாதைனு குறிச்சாங்க, அதுக்கப்புறம் இன்னொருத்தர் முன்வந்தார், அதே வருஷமே மறுபடி மெயின்டெய்னர் கிடைச்சாச்சு. நீக்குறதுக்கு முன்னாடி "அநாதை"னு போர்டு மாட்டுற பழக்கம் எவ்வளவு முக்கியம்னு இதுல தெரியுது.

ஒரு தடவை நீக்கிட்டா திரும்ப வராதா?

வரலாம், கஷ்டம். இன்டெலோட இட்டானியம் சிப் விஷயத்துல இது வெளிப்படையா பேசப்பட்டுச்சு. 2021லயே அதை அநாதைனு குறிச்சாச்சு, இன்டெலும் அதே வருஷம் கடைசி சிப்பை அனுப்பி முடிச்சாங்க, 2023 கடைசில 6.7க்கான வேலைல கோடை நீக்கினாங்க. 6.6 நீண்டகால சப்போர்ட் வெர்ஷன், அதுல இட்டானியம் இருந்துச்சு, அதனால வச்சிருக்கிறவங்க உடனே தெருவுல நிக்கல. நீக்கும்போது சிலர் எதிர்ப்பு சொன்னாங்க, அதுக்கு லினஸ் சொன்ன பதிலோட சாரம் என்னனா, கெர்னலுக்கு வெளிய வச்சு ஒரு வருஷம் நீங்களே பராமரிச்சுக் காட்டுங்க, மத்த கோடுக்கு தொந்தரவு இல்லனு தெரிஞ்சா திரும்பப் பேசலாம்.

எனக்கு இது ரொம்பப் பிடிச்ச பதில். கதவையும் சாத்தல, இன்னொருத்தர் தலையில வேலையையும் கட்டல.

ரஸ்ட் மொழி வந்ததால பழைய மெஷின்கள் சாகுதுனு சொல்றாங்களே?

பாதி உண்மை. 2021 பிப்ரவரில பைத்தானோட கிரிப்டோகிராஃபி லைப்ரரி 3.4ல ரஸ்ட் கோடு சேத்தாங்க. ஒரு மொழில எழுதின கோடை சிப்புக்குப் புரியுற மாதிரி மாத்துறது கம்பைலர். ரஸ்ட் கம்பைலர் இல்லாத ஆல்ஃபா, எச்பி பிஏ, 68000 மாதிரி ஆர்க்கிடெக்சர்ல ஜென்டூங்கற டிஸ்ட்ரோ ஓட்டிட்டிருந்தவங்க ஒரே நாள்ல மாட்டிக்கிட்டாங்க, பெரிய வாக்குவாதம் ஆச்சு. லைப்ரரி எழுதினவங்க தரப்பு என்னனா, அந்த மெஷின்களை நாங்க எப்பவுமே சப்போர்ட் பண்றோம்னு சொன்னதில்ல, முன்னாடி சி மொழில இருந்துச்சு, சி கம்பைலர் அங்க இருந்ததால தானா ஓடிட்டிருந்துச்சு, டெஸ்டே பண்ணாத இடத்துல செக்யூரிட்டி கோடு ஓடுறது ஆபத்துனாங்க.

அவங்க சொன்னது சரிதான். ஆனா தானா ஓடிட்டிருந்ததை நம்பித்தான் அந்த ஆளுங்க வருஷக்கணக்கா ஒரு டிஸ்ட்ரோவைக் கட்டி வச்சிருந்தாங்க. "நாங்க வாக்குக் குடுக்கலையே"னு சொன்னா விவாதத்துல ஜெயிக்கலாம், ஆனா எது டெஸ்ட் பண்ணினது, எது அதிர்ஷ்டத்துல ஓடுறதுனு முதல் நாள்ல இருந்தே எழுதி வச்சிருந்தா அந்த விவாதமே வந்திருக்காது.

2025 அக்டோபர் 31 அன்னைக்கு டெபியன்ல பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற ஏபிடியோட மெயின்டெய்னர் இதே மாதிரி ஒரு அறிவிப்பு போட்டார், ஏபிடிக்கு ரஸ்ட் கட்டாயம் ஆகப் போகுது, 2026 மே மாசத்துக்கு முன்னாடி ஆகாது, ரஸ்ட் இல்லாத போர்ட் (ஒரு சிப் வகைக்கான டெபியன்) வச்சிருக்கிறவங்க 6 மாசத்துல ஏற்பாடு பண்ணுங்க, இல்லனா மூடிடுங்கனு. முன்னாடியே தேதி சொன்னது நல்லது. வெளிய இருந்து வர்ற ஃபைலைப் பிரிச்சுப் படிக்கிற கோடை மெமரி பாதுகாப்பு உள்ள மொழிக்கு மாத்தணும்ங்கற காரணமும் வலுவானது. ஆனா 6 மாசம் குறைச்சல். ஒரு சிப்புக்கு கம்பைலர் கொண்டு வர்றது கைவிட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்கள் லீவு நாள்ல 6 மாசத்துல முடிக்கிற வேலை இல்ல, ஒரு முழு டெபியன் ரிலீஸ் காலம், அதாவது 2 வருஷம் குடுத்திருக்கலாம்னு எனக்குப் படுது.

32-பிட் ஹார்ட்வேரை விடுறதும் 32-பிட் ப்ரோக்ராம்களை விடுறதும் ஒண்ணுதானா?

இல்ல, இதைக் குழப்பிக்கிட்டுத்தான் 2019ல உபுண்டு சிக்கல்ல மாட்டுச்சு. 32-பிட் இன்ஸ்டாலரை முன்னாடியே நிறுத்தியாச்சு, அதுக்குப் பெருசா யாரும் சண்டைக்கு வரல. 2019 ஜூன்ல 19.10ல இருந்து 32-பிட் பேக்கேஜே கிடையாதுனு அறிவிச்சாங்க, உடனே ஸ்டீம்ங்கற கேம் கடையை நடத்துற வால்வ் கம்பெனி தரப்புல உபுண்டு 19.10க்கு ஸ்டீம் சப்போர்ட் கிடையாதுனு சொன்னாங்க, விண்டோஸ் ப்ரோக்ராம்களை லினக்ஸ்ல ஓட்டுற வைன் பக்கமும் கவலை தெரிவிச்சாங்க, ஏன்னா பழைய கேம், பழைய விண்டோஸ் ப்ரோக்ராம் எல்லாம் புத்தம் புது 64-பிட் மெஷின்லதான் ஓடுது ஆனா அதுக்கு 32-பிட் லைப்ரரி வேணும். சில நாள்லயே தேர்ந்தெடுத்த பேக்கேஜ்களை வச்சுக்குறோம்னு இறங்கி வந்தாங்க. 2025ல ஃபெடோராவுலயும் இதே யோசனை வந்துச்சு, இதே மாதிரி எதிர்ப்பு வந்துச்சு, வாபஸ் வாங்கினாங்க.

கம்பெனி காசு குடுத்தா வேற கதையா?

ஆமா. ஐபிஎம் மெயின்ஃப்ரேம் வீட்டுல யார்கிட்டயும் இல்ல, ஆனா அதுக்கான லினக்ஸ் சப்போர்ட் அருமையா இருக்கு, ஏன்னா ஐபிஎம் சம்பளம் குடுத்து ஆள் வச்சிருக்கு. இதுல தப்பு சொல்ல எதுவும் இல்ல.

பழைய மெஷினை ஓட்டுறது சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?

மெஷினைப் பொறுத்தது. பிந்தைய பென்டியம் 4கள்ல சிலதுல ப்ராசஸர் மட்டுமே 100 வாட்டை ஒட்டி வெப்பம் கக்கும், அதை 24 மணி நேரம் சர்வரா ஓட்டுறதுக்கு ஒரு சின்ன ராஸ்ப்பெரி பை வாங்கினா கரண்ட் பில்லுலயே தெரியும். ஆனா 2012 லேப்டாப் அப்படி இல்ல, அது இன்னும் தாராளமா வேலை செய்யும், புதுசு ஒண்ணு தயாரிக்கிற சுமையைத் தவிர்க்கும். 2025 அக்டோபர் 14ல விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சு, விண்டோஸ் 11 ஏறாத நல்ல மெஷின்கள் நிறைய லினக்ஸ் பக்கம் வருது. இந்த நேரத்துல ஒரு டிஸ்ட்ரோ அவசரப்பட்டு வி3க்குத் தாவுச்சுனா, வீடு தேடி வர்றவங்களை வாசல்லயே திருப்பி அனுப்புற மாதிரி ஆயிடும்.

நான் ஒரு சின்ன ப்ராஜெக்ட் நடத்துறேன், எப்படி நிறுத்தினா நியாயம்?

முதல்ல, எதை நீங்க நிஜமா டெஸ்ட் பண்றீங்களோ அதை மட்டும் சப்போர்ட்னு எழுதுங்க, மத்ததை "ஓடலாம், நாங்க பாக்கல"னு தனியா எழுதுங்க. நிறுத்தணும்னு தோணுச்சுனா காரணத்தை எழுதுங்க, "பழசு"ங்கறது காரணம் இல்ல, "இந்த சிப்புக்காக இத்தனை இடத்துல மாற்று வழி வச்சிருக்கோம், அதனால இந்த வேலை நிக்குது"ங்கறதுதான் காரணம். ஒரு ரிலீஸ்ல எச்சரிக்கை வரட்டும், அதுவும் ரிலீஸ் நோட்ஸ்ல மட்டும் இல்லாம அந்த ஹார்ட்வேர்ல ப்ரோக்ராம் ஓடும்போது ஸ்கிரீன்லயே வரட்டும், ரிலீஸ் நோட்ஸ் படிக்காதவங்கதான் முக்காவாசி பேர். அதுக்கு அடுத்த ரிலீஸ்ல நீக்குங்க. கடைசியா ஓடின வெர்ஷனுக்கு செக்யூரிட்டி திருத்தம் மட்டும் எவ்வளவு நாள் வரும்னு தேதி போடுங்க. டவுன்லோட் பக்கத்துல இருந்து பழைய வெர்ஷனைத் தூக்காதீங்க, இதை நிறைய பேர் பண்றாங்க, எந்த லாபமும் இல்லாத வேலை. நீக்குற கோடை ஒரே கமிட்டா (ஒரே மாற்றமா பதிஞ்சு) நீக்குங்க, நாளைக்கு யாராவது வந்து எடுத்துக்கிறேன்னா திருப்பிப் போட சுலபமா இருக்கும்.

என்கிட்ட நிஜமாவே 32-பிட் சிப்தான் இருக்கு, இப்ப என்ன பண்றது?

எல்எம் ஃப்ளாக் இல்லனு உறுதியாச்சுனா, ஆல்பைன் இன்னும் 32-பிட் எக்ஸ்86க்கு வருது, ஜென்டூ வருது, லினக்ஸை விட்டு வெளிய போகத் தயார்னா நெட்பிஎஸ்டிங்கற வேற ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருக்கு. ப்ரவுசர் வேலைக்கு அந்த மெஷினை நம்பாதீங்க, ரேமும் பத்தாது. டைப் பண்ண, பாட்டு கேக்க, பழைய பிரின்டரை ஓட்ட, பசங்களுக்கு ப்ரோக்ராமிங் காட்ட தாராளமா போதும். இன்டர்நெட்ல இருந்து துண்டிச்சு வச்சுட்டா செக்யூரிட்டி கவலையும் பெருசா இல்ல.

என் மெஷினோட சப்போர்ட் நிக்காம இருக்க நான் ஏதாவது பண்ண முடியுமா? எனக்கு கோடு எழுதத் தெரியாது.

முடியும், கோடு எழுதத் தெரியவே வேண்டாம். புது கெர்னல் வர்றதுக்கு முன்னாடி ஆர்சினு சோதனை வெர்ஷன் வாரம் ஒண்ணு வரும், டிஸ்ட்ரோவுக்கும் ரிலீஸுக்கு முன்னாடி டெஸ்ட் இமேஜ் வரும். அதை உங்க பழைய மெஷின்ல ஒரு தனி பார்ட்டிஷன்ல, இல்ல பென்டிரைவ்ல போட்டு பூட் ஆகுதா, வைஃபை எடுக்குதா, மூடித் திறந்தா முழிக்குதானு பாருங்க. உடைஞ்சிருந்தா எந்த வெர்ஷன் வரைக்கும் ஓடுச்சு, எதுல இருந்து ஓடலங்கற ரெண்டு நம்பரையும், சிப் மாடலையும், பூட் மெசேஜையும் சேத்து ரிப்போர்ட் போடுங்க, இங்கிலீஷ் தப்பும் தவறுமா இருந்தா பரவாயில்ல. ஓடுச்சுனாலும் "இந்த மாடல்ல ஓடுது"னு ஒரு வரி போடுங்க. அடுத்த தடவை இதை யாராவது யூஸ் பண்றாங்களானு லிஸ்ட்ல கேள்வி வரும்போது, தேடுறவர் கையில முதல்ல சிக்குறது அந்த ஒரு வரியாத்தான் இருக்கும்.